கபடிக் குழுவும் வேலுவின் உள்ளங்கையும்

2004 ஜனவரி ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை. காலை பத்து மணிக்குச் சந்திரமோகன் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் யாரோ செருப்பை உதறும் சத்தம் கேட்டது. கபடிக் குழுவில் ஆடும் வேலுவின் மனைவி ஹேமலதா. வேலைக்கு நடுவில் எழுந்து வந்திருக்கிறாள் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. புடவை மடியெல்லாம் பட்டு நூல் துணுக்குகள்.

"அண்ணா, அவரு கையப் பாத்தீங்களா?"

"எந்தக் கை?"

"ரெண்டுந்தான். நேத்து கொழந்தைக் கன்னத்தைத் தடவுனாரு. கோடு விழுந்துடுச்சி. அது வீல்னு கத்துது."

இழையைக் குறுக்கே ஓட்டும் நாடாவின் கயிற்றைச் சந்திரமோகன் கையிலிருந்து விட்டார். ஹேமலதா உட்காரவில்லை. நின்றபடியே மீதியையும் சொல்லி முடித்தாள். கார்த்திகையில் வேலு நெய்த புடவை திரும்பி வந்தது. மார்கழி பத்தாம் தேதி கொடுத்ததும் திரும்பி வந்தது. இரண்டிலும் ஒரே குறை. இழை இழுபட்டு, சின்னச் சின்ன வளையமாகத் துருத்திக்கொண்டு நின்றது. 'பூனையைப் பிடித்து நடக்கவிட்டாயா' என்று முதலாளி அருணாச்சலம் கேட்டாராம். மூன்றாவது புடவை இப்போது தறியில் இருக்கிறது. தை ஐந்தாம் தேதி கொடுக்க வேண்டும். அதுவும் திரும்பினால் வேலுவுக்கு இனிமேல் பாவு கிடையாது.

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் பட்டு இழைகள். முதலாளிதான் அதைத் தருவார். பாவு இல்லாதவன் வீட்டில் தறி வெறும் மரச்சட்டம்.

"தறியப் பிரிச்சிட்டு பெங்களூர் போறேன்றாரு. பவர்லூம் ஓட்டப் போறாராம். உங்ககிட்ட சொல்லவேணாம்னாரு. நான்தான் வந்துட்டேன். நீங்க காலைல செய்யச் சொல்றீங்களே அந்த வேலை, அதுலதான் இப்படி ஆச்சுங்களா?"

 சந்திரமோகன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். விரல்கள் தொடங்கும் இடத்தில் வரிசையாக நான்கு காய்ப்புகள். ஐந்து மாதமாக அவற்றைப் பெருமையாகப் பார்த்து வந்தவர் அவர்.

சந்திரமோகனுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பத்தாவது முடித்த கையோடு தறியில் உட்கார்ந்தவர். ஆரணியில் பட்டு நெய்கிறவர்களில் கபடி ஆடுகிறவர்களைத் திரட்டி, பத்துப் பேர் கொண்ட குழு ஒன்றைப் பன்னிரண்டு வருடமாக நடத்தி வந்தார். பத்தில் எட்டுப் பேர் நெசவாளர்கள். கார்னரில் நின்று பிடிப்பது அவர் வேலை. எதிராளிகள் பக்கம் பாடிப் போய்ப் புள்ளி எடுத்து வருவது வேலுவின் வேலை. வேலுவுக்கு இருபத்தைந்து வயது. அவனைப் போல ரைடு போகிறவன் போளூருக்கும் வேலூருக்கும் நடுவில் இல்லை என்பது சந்திரமோகனின் கட்சி.

அந்தக் குழுவுக்கு ஒரு வியாதி இருந்தது. முதல் பாதியில் ஜெயிப்பார்கள், இரண்டாவது பாதியில் தோற்பார்கள். 1996இல் போளூரில் நடந்த அரையிறுதியில் படவேட்டுக் குழுவை ஒன்பது புள்ளி முந்தி நின்றார்கள். முடிவில் ஐந்து புள்ளியில் தோற்றார்கள். அன்று கடைசி ரைடு போனவர் சந்திரமோகன். ஒருவனைத் தொட்டுவிட்டார். திரும்ப வேண்டியதுதான் பாக்கி. கோட்டுக்கு இரண்டு அடி இருக்கும்போது கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. படவேட்டுக்காரர்கள் ஏர் பிடிப்பவர்கள், கரும்பு வெட்டுபவர்கள். நெசவாளி ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் குழியில் கால் விட்டு உட்கார்ந்திருப்பவன். வித்தியாசம் அதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். சந்திரமோகனும் நம்பினார். அதற்கு மருந்தாகத் தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓட வைத்தார். ஏழு வருடம் ஓடினார்கள். இரண்டாவது பாதியில் தோற்பது மட்டும் நிற்கவில்லை.

2003 ஆடியில் யோவான் சார் ஒரு கேள்வி கேட்டார். அவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். சென்னையில் பத்து நாள் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்திருந்தார்.

"அஞ்சு கிலோமீட்டர் ஓடுறீங்களே சந்திரமோகன், கபடியில எங்கப்பா அஞ்சு கிலோமீட்டர் இருக்கு?"

சந்திரமோகன் எதையும் எண்ணிப் பார்க்காமல் விட மாட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்ணமங்கலத்தில் ஒரு போட்டியைப் பார்க்கப் போனார். ஆட்டத்தைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு ரைடு இருபது, இருபத்தைந்து விநாடி. முப்பதைத் தாண்டுவது அபூர்வம். அந்த நேரத்துக்குள் குனிவது, தாவுவது, இழுப்பது, தள்ளுவது, விழுந்து எழுவது எல்லாம் நடந்துவிடுகிறது. பிறகு கொஞ்சம் மூச்சு. பிறகு மறுபடி அதே. ஓட்டம் என்று சொல்லும்படி அதில் எதுவுமே இல்லை.

யோவான் சார் முகாமில் கற்றதைத் தாளில் எழுதிக் கொடுத்தார். அரை நிமிடம் உயிரைக் கொடுத்து வேலை, அரை நிமிடம் ஓய்வு. ஒரே வேலை வேண்டாம், மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஆட்டத்தில் உடம்பு என்னென்ன செய்யுமோ அதையெல்லாம் பாரம் ஏற்றிச் செய்ய வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது.

ஊர்க் கோடியில் இருந்த அரிசி மில்லின் நெல் காயவைக்கும் சிமெண்டுக் களம் காலையில் ஏழு மணிவரை காலியாகக் கிடக்கும். அங்கே சுண்ணாம்பால் ஆறு வட்டம் போட்டார்கள். முதல் வட்டத்தில் லாரி டயரைப் புரட்ட வேண்டும். இரண்டாவதில் மணல் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டு இறக்க வேண்டும். மூன்றாவதில் கயிறு கட்டிய டயரை நின்ற இடத்திலிருந்தே இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். நான்காவதில் கையும் காலும் ஊன்றிக் களத்தின் குறுக்கே நடக்க வேண்டும். ஐந்தாவதில் குந்தி எழுந்து குதிக்க வேண்டும். ஆறாவதில் கபடிக் களத்தின் நீளமான பதின்மூன்று மீட்டரை ஓடி, கோட்டைக் கையால் தொட்டுத் திரும்ப வேண்டும். இப்படி மூன்று சுற்று.

முதல் வாரம் நான்கு பேர் வாந்தி எடுத்தார்கள். களத்தைக் கூட்டும் கன்னியம்மா விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தார்.

"இன்னாபா இது, நாலு கால்ல நடந்துகினு? வூட்ல சோறு போடலியா, புல்லு மேய வந்துட்டீங்களா?"

"இது புது டிரெயினிங் அக்கா," என்றார் துரைக்கண்ணு. குழுவிலேயே கனமான ஆள், சந்திரமோகனின் வயதுக்காரர், வலது கார்னர்.

"டிரெயினிங்கா? நெல்லு காயவெக்கிற எடத்துல கக்கி வெக்காதீங்க. கழுவறது நானு."

பலன் வந்தது. பதின்மூன்று மீட்டரைத் தொடர்ந்து பத்துத் தடவை ஓடச் சொல்லி நேரம் பார்ப்பார் சந்திரமோகன். ஆவணி மாதம் முதல் ஓட்டத்துக்கும் பத்தாவது ஓட்டத்துக்கும் ஒன்றேகால் விநாடி வித்தியாசம் இருந்தது. கார்த்திகையில் அது அரை விநாடிக்கும் கீழே இறங்கியது. ஓடி முடித்த ஒரே நிமிடத்தில் நாடி பாதி இறங்கிவிடுவதை ஒவ்வொருவன் மணிக்கட்டையும் பிடித்து எண்ணினார். எண்ணும்போது அந்தக் கை கெட்டியாக இருப்பது தெரிந்தது. பலம் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஆறு வட்டத்தில் நான்கு வட்டம் உள்ளங்கையை ராவுகிற வேலை. விவசாயிக்கு அது ஒன்றுமில்லை. பட்டு நெய்கிறவன் அறுந்த இழையை விரலால் பிணைக்க வேண்டும், நெய்த துணியை உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். தோலில் ஒரு பிசிறு இருந்தால் போதும், பட்டு அதில் மாட்டிக்கொண்டு கூடவே வரும். மார்கழிக் குளிரில் தோல் வெடித்தபோது நிலைமை இன்னும் மோசமாகியிருக்கிறது. எட்டு நெசவாளிகள் ஐந்து மாதம் இதைச் செய்தார்கள். தறியில் இழை மாட்டியபோது நூலைக் குறை சொன்னார்கள், பனியைக் குறை சொன்னார்கள். களத்தைப் பற்றி ஒருவனுக்கும் தோன்றவில்லை. எண்ணிக்கொண்டிருந்தவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு மில் விளக்கின் கீழ் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார். கையில் ஒரே ஒரு பட்டு இழை. ஒவ்வொருவன் உள்ளங்கையிலும் அதை வைத்து மெதுவாக இழுத்தார். முதல் ஆளின் கையில் மாட்டியது. இரண்டாவது ஆளின் கையில் மாட்டியது. வேலுவின் கையில் இழை அறுந்தே போனது. வேலு சிரித்துக்கொண்டே கையை உதறினான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

துரைக்கண்ணுவின் கையில் மட்டும் இழை வழுக்கிக்கொண்டு போயிற்று. சந்திரமோகன் திருப்பி இழுத்தார், மறுபடி வழுக்கியது.

"டேய், நீ டயர் புரட்டுறியா இல்லியா?"

"பொரட்டுறேன்டா."

"அப்பறம் எப்டி?"

துரைக்கண்ணு கால்சட்டைப் பையில் கைவிட்டு இரண்டு சாக்ஸை எடுத்துக் காட்டினார். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தவை. மகளின் பள்ளிக்கூட சாக்ஸ்.

"குளுருதுன்னு கையில மாட்டிக்குவேன். தப்பா? நீ வாட்சப் பாத்துகினு இருந்தே, நான் கையப் பாத்துகினு இருந்தேன்."

சிரிப்பு எழுந்தது. சந்திரமோகனால் சிரிக்க முடியவில்லை. அன்றே ஆறு வட்டத்தையும் மாற்றினார். நாலுகால் நடை நின்றது. டயரைக் கயிற்றோடு இடுப்பில் கட்டி இழுக்க வைத்தார். கோட்டைக் காலால் தொட்டால் போதும். எல்லோரும் கையில் துணி சுற்றிக்கொள்ள வேண்டும். மற்ற ஆறு பேரின் கை ஒரு மாதத்தில் சரியாகிவிடும். அவர்கள் புடவை எதுவும் இன்னும் திரும்பி வரவில்லை. வேலுவுக்கு மாதமில்லை. இருந்தது பதின்மூன்று நாள். அதில் பொங்கல் மூன்று நாள் தறி ஓடாது.

அன்று மதியம் சந்திரமோகன் செய்த காரியத்தைப் பிறகு நினைத்து நினைத்து வெட்கப்பட்டார். கடையில் பாதம் தேய்க்கும் கல் ஒன்று வாங்கிக்கொண்டு வேலுவின் வீட்டுக்குப் போனார். வெந்நீரில் அவன் கைகளை ஊற வைத்தார். தானே உட்கார்ந்து தேய்த்தார்.

"மெதுவாண்ணா."

"இரு. போகுது பாரு, போகுது."

"அண்ணா, எரியுது."

"கொஞ்சம் பொறுத்துக்கடா."

பொறுமை இல்லாமல் போனது அவருக்குத்தான். காய்ப்பு போகும்வரை தேய்த்தார், போன பிறகும் தேய்த்தார். மறுநாள் காலையில் வேலுவின் இரண்டு உள்ளங்கையும் மருதாணி வைத்ததுபோல் சிவந்திருந்தன. விரல் மடிப்புகளில் தோல் பிளந்து நீர் கோத்திருந்தது. நாடாக் கயிற்றைப் பிடித்து ஒரு தரம் இழுத்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டான். பட்டைத் தொடவும் முடியாது, கயிற்றைப் பிடிக்கவும் முடியாது.

தறியில் அரக்கு நிறப் புடவை, பச்சைக் கரை. இரண்டு முழம் முடிந்திருந்தது. அதில் மூன்று இடத்தில் இழை இழுபட்டிருந்ததை ஹேமலதா ஊசியால் பொறுமையாக உள்ளே தள்ளிவிட்டிருந்தாள். அவள் சந்தவாசலில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு நாடாவுக்குள் வைக்கும் நூல் குழலான தார் சுற்றக் கற்றுக்கொண்டாள். தறியில் உட்கார்ந்ததில்லை.

"விடுங்கண்ணா," என்றான் வேலு. "பெங்களூர்ல என்ன, கரண்டு நெய்யுது, நாம நின்னுகினு பாக்கப் போறோம்."

"அங்க யாரு இவருக்குக் கபடி வெச்சிருக்காங்க?" என்றாள் ஹேமலதா. சந்திரமோகனைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அவருக்கு ஒரே ஒரு கை நினைவுக்கு வந்தது. துரைக்கண்ணு வேறொரு முதலாளிக்கு நெய்பவர். அவர் தறியில் பாவு முடிந்துபோய், புதுப் பாவு பொங்கலுக்குப் பிறகு என்று சொல்லியிருந்தார்கள். அதனால் பகலில் சும்மா இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் துரைக்கண்ணுவின் முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது.

"மோகன், என் அடி வேற, அவன் அடி வேற. நான் ஓங்கி அடிக்கிறவன். ரெண்டு முழத்துக்கு அப்பால கை மாறிச்சின்னா துணியில கோடு மாதிரி தெரியும். அருணாச்சலம் கண்ண மூடிகினு தடவுனாக்கூடக் கண்டுபிடிச்சிடுவாரு."

அது உண்மை. குறுக்கே ஓடும் ஊடை இழையை எவ்வளவு பலமாகத் தட்டி நெருக்குகிறோம் என்பது ஆளுக்கு ஆள் மாறும், கையெழுத்துப் போல. அதனால்தான் ஒரு புடவையை ஒருவரே நெய்து முடிப்பார்கள்.

"முதலாளிகிட்ட சொல்லிட்டா இன்னா?" என்று கேட்டாள் ஹேமலதா. "கை புண்ணாயிடுச்சி, இன்னொருத்தரு முடிக்கிறாருன்னு."

"சொன்னா இன்னிக்கே வந்து பாவை அறுத்துகினு போவாரு," என்றான் வேலு. "அவருக்குக் கபடின்னாலே ஆகாது."

சந்திரமோகன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவரும் அதே அருணாச்சலத்தின் பாவில் நெய்பவர்தான். மறைத்தது தெரிந்தால் தன் தறிக்கும் ஆபத்து. சொன்னால் வேலு போய்விடுவான். "சொல்லவேணாம்," என்றார். 

துரைக்கண்ணு வேலுவின் தறியில் உட்கார்ந்தார். சந்திரமோகன் தன் தறியைக் காலையிலும் சாயங்காலமும் மட்டும் ஓட்டிவிட்டு, நடுப்பகல் முழுவதும் அங்கே வந்து பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்தார். கையில் பூதக்கண்ணாடியும் ஸ்கேலும். வேலு நெய்த பகுதியில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை ஊடை இழை என்று எண்ணி வைத்துக்கொண்டார். துரைக்கண்ணு நெய்யும் ஒவ்வொரு சாணிலும் அதே எண்ணிக்கை வருகிறதா என்று பார்த்தார்.

"ரெண்டு இழை கூட வருது. மெதுவா அடி."

"அடிக்கிறேன்."

"இன்னும் மெதுவா."

"டேய், பேஜார் பண்ணாத. களத்துலதான் அரை நிமிஷம் அரை நிமிஷம்னு உயிரை வாங்கினே, இங்கயுமா?"

வேலு சுவரில் சாய்ந்துகொண்டு, இரண்டு கையையும் மேலே பார்க்கத் திருப்பி மடியில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருப்பான். தெருவில் யாராவது செருப்புச் சத்தத்தோடு போனால் மூவரும் ஒரே நேரத்தில் வாசலைப் பார்ப்பார்கள். முதலாளியின் ஆள் வந்து தறியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டால் எல்லாம் முடிந்தது. ஹேமலதா கதவைப் பாதி சாத்தி வைத்தாள். முழுக்கச் சாத்தினால் சந்தேகம் வரும்.

இதற்கு நடுவில் காணும் பொங்கல் வந்தது. கண்ணமங்கலத்தில் போட்டி. சந்திரமோகனின் குழு காலையில் ஒரு குழுவைச் சுலபமாக வென்று, மதியம் அரையிறுதிக்கு வந்தது. எதிரே படவேடு.

வேலு கையில் துணி சுற்றிக்கொண்டு தயாராக வந்திருந்தான். தோல் மூடத் தொடங்கியிருந்தது. காலையில் ஆடிய ஏழு பேரில் அவன் பெயர் இல்லை, அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மதியத் தாளிலும் இல்லை.

"அண்ணா, படவேடுண்ணா. எட்டு வருஷம்."

"மண்ணுல ஒரு தடவ விழுந்தா போதும். பிளந்துகினு போயிடும்."

"புடவைய நான் நெய்யப் போறதில்லியே. துரைண்ணாதானே நெய்யறாரு?"

"அடுத்ததை யாரு நெய்யறது?"

வேலு கோட்டுக்கு வெளியே போய்க் குந்திக்கொண்டான். கூட்டத்தில் ஒருவன் அவன் கையைப் பார்த்துவிட்டான். "டேய், ஆரணி ரைடரைப் பாருங்கடா! மருதாணி வெச்சிகினு உக்காந்திருக்கான், இன்னிக்குப் பொண்ணு பாக்க வராங்க போல!" அந்தப் பக்கம் முழுவதும் சிரித்தது. வேலு தலை நிமிரவில்லை.

முதல் பாதியில் ஆரணி பதின்மூன்று, படவேடு இருபது. ரைடு போக சரியான ஆள் இல்லாததன் விலை. இரண்டாவது பாதியில் சந்திரமோகன் அதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தார். கடைசி ஆறு நிமிடத்தில் படவேட்டு ஆட்கள் முழங்காலில் கையூன்றி நின்றார்கள். நெசவாளிகள் நிமிர்ந்து நின்றார்கள். துரைக்கண்ணு, அந்தக் கனத்த உடம்பு, மூன்று பேரை அடுத்தடுத்துக் கணுக்காலில் பிடித்துப் போட்டார். அந்தப் பாதியில் ஆரணி பதினாறு, படவேடு பதினொன்று. மொத்தத்தில் இரண்டு புள்ளியில் தோல்வி.

யோவான் சார் ஓடிவந்து தோளைப் பிடித்தார். "பாத்தீங்களா? இன்னும் மூணு நிமிஷம் இருந்திருந்தா ஆட்டம் உங்களது. அந்த உடம்பு வந்துடுச்சிப்பா!"

"ஆமாங்க சார்," என்றார் சந்திரமோகன். கண்கள் துரைக்கண்ணுவின் கையில் இருந்தன. தரையில் உரசி ஏதாவது ஆகியிருக்கிறதா? இன்னும் ஒரு முழம் பாக்கி.

ஒன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புடவை முடிந்து தறியிலிருந்து இறங்கியது. திங்கட்கிழமை காலை வேலு, ஹேமலதா, சந்திரமோகன் மூவரும் அருணாச்சலத்தின் வீட்டுக்குப் போனார்கள். துரைக்கண்ணு வரவில்லை. வந்தால் அவர் ஏன் வந்தார் என்ற கேள்வி வரும்.

அருணாச்சலம் அறுபது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். கூடத்தில் ஜன்னலுக்கு நேரே பாய் விரித்து, அதன்மேல் புடவையைப் பிரித்தார். குனிந்து, புறங்கையால் தடவிக்கொண்டே நகர்ந்தார். முதல் முழம் போனது. ஊசியால் தள்ளிய இடங்களைத் தாண்டிப் போனது. இரண்டாவது முழம் முடியும் இடத்தில் கை நின்றது. திரும்பி வந்தது. மறுபடி போனது. புடவையின் ஓரத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு மீதி முழுவதையும் கடைசிவரை பார்த்துவிட்டு, அதே இடத்துக்குத் திரும்பி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இது வரைக்கும் வேலு. இதுக்கு மேல யாரு?"

 வேலு கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"உன்னைத்தான் கேக்குறேன் வேலு."

"துரைக்கண்ணுங்க," என்றார் சந்திரமோகன்.  "நான்தான் உக்கார வெச்சேன். வேலு கை கெட்டது என்னாலங்க. காலைல களத்துல டயரு, கயிறுன்னு செய்ய வெச்சேன். கை காய்ச்சிப் போச்சி. அதைச் சரி பண்றேன்னு கல்ல வெச்சித் தேச்சேன், புண்ணாயிடுச்சி. உங்ககிட்ட சொல்லவேணாம்னு சொன்னதும் நானுங்க."

"கையக் காட்டு."

வேலு காட்டினான். புதுத் தோல் மெல்லிசாக, ரோஜா நிறத்தில் ஏறியிருந்தது. அருணாச்சலம் தொட்டுப் பார்த்தார். சந்திரமோகனின் கையையும் வாங்கிப் பார்த்தார்.

"என் பாவை ஊர்ல எவன் எவனோ நெய்வான். நீங்க கதவை ஒருக்களிச்சிகினு உள்ள உக்காந்திருப்பீங்க. அப்படித்தானே?"

"தப்புங்க."

"இதை வாங்குற கல்யாணப் பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு இந்தக் கோடு தெரியாது. எனக்குத் தெரியும்." புடவையை மடிக்கத் தொடங்கினார். "இழை எங்கயும் இழுபடல. அதனால இதை எடுத்துக்கறேன்."

ஹேமலதாவின் மூச்சு வெளியே வந்தது கேட்டது.

"பாவு?" என்று கேட்டான் வேலு.

"தரலாம். ஆனா இந்தக் கைய நான் நம்ப மாட்டேன். ஒரு வருஷம் இவன் கபடி மண்ணைத் தொடக்கூடாது. அடுத்த பொங்கல் வரைக்கும். அதுக்கு ஜவாப்தாரி யாரு?" அவர் வேலுவைப் பார்க்கவில்லை. "நீதான் கெடுத்தேன்றே. நீயே சொல்லு சந்திரமோகன். தொட்டான்னா அவன் பாவு மட்டுமில்ல, உன் பாவும் நிக்கும்."

வேலு சட்டென்று அவர் பக்கம் திரும்பினான். வேண்டாம் என்று தலையை அசைத்தான். ஒரு வருடம் என்பது ரைடு போகிறவனுக்கு என்ன என்று சந்திரமோகனுக்குத் தெரியும். இருபத்தாறு வயதில் கால் அதே கால் இல்லை. இத்தனை நாள் எண்ணி எண்ணி ஏற்றிய உடம்பு இரண்டே மாதத்தில் இறங்கிவிடும். ஹேமலதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாங்க ஜவாப்தாரி," என்றார் சந்திரமோகன்.

வெளியே வந்ததும் வேலு பாவுச் சுருளைத் தோளில் மாற்றிக்கொண்டான். "என் பேர்ல வாக்குக் கொடுக்க நீங்க யாருண்ணா?"

"வேலு, கேளு…"

"படவேட்டு மேட்சும் ஆட விடல. இப்ப இதுவும். கைய நீங்க கெடுத்தீங்க, அப்பறம் நீங்களே வெட்டிட்டீங்க." அவன் வேகமாக முன்னால் நடந்தான். ஹேமலதா ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு அவன் பின்னால் ஓடினாள்.

அதன் பிறகு வேலு அவரோடு பேசவில்லை. சந்திரமோகன் களத்தில் மீதி எட்டுப் பேரை வைத்துக்கொண்டு பயிற்சியைத் தொடர்ந்தார். ஐந்து மணிக்கு யாராவது இருட்டில் நடந்து வந்தால் அது வேலுவாக இருக்குமோ என்று பயந்தார். வராமல் போனால் பெங்களூருக்குப் பஸ் ஏறிவிட்டானோ என்று பயந்தார். இரண்டு பயத்துக்கும் ஒரே மருந்துதான் அவருக்குத் தெரிந்தது. தினமும் காலை ஒன்பது மணிக்கு வேலுவின் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். அவன் வீட்டு எதிரில் நின்று, உள்ளே தறி ஓடும் சத்தம் கேட்ட பிறகு நகர்வார்.

மாசி பத்தாம் தேதி வாக்கில் ஹேமலதா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"தெனம் தெருவுலயே நின்னுகினு போறீங்களேண்ணா. உள்ள வாங்க, காபி சாப்டுட்டுப் போங்க."

"வேணாம்மா. சும்மா இந்தப் பக்கமா வந்தேன்."

தறிச் சத்தத்துக்கு மேலாக உள்ளேயிருந்து வேலுவின் குரல் கேட்டது. "ஹேமா, அவரு போறதுக்கு முன்னாடி சொல்லு. நாளைக்கு நான் களத்துக்கு வரேன்னு சொல்லு. கையே வெக்க மாட்டேன். குதிக்கிறது, ஓடுறது, காலு வேலை மட்டும். சிமெண்டுதானே அது, கபடி மண்ணு இல்லியே."

சந்திரமோகனின் மனம் ஒரு நொடி அதைப் பிடித்துக்கொண்டது. சிமெண்டுதான். கால் வேலைதான். அருணாச்சலம் சொன்னது மண்ணைத்தான். பிறகு குந்தி எழுந்து குதிக்கும்போது நிலை தவறி விழுகிறவன் எதை முதலில் ஊன்றுவான் என்று யோசித்தார்.

"வேணாம்னு சொல்லும்மா," என்றார்.

அவள் உள்ளே திரும்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தறி நின்றது. தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. ஹேமலதா கதவுப் பிடியைப் பற்றியபடி நின்றாள். சந்திரமோகன் பழக்கத்தில் மனசுக்குள் எண்ணத் தொடங்கியிருந்தார். நாற்பதைத் தாண்டிய பிறகு எண்ணிக்கை தப்பிவிட்டது.

தறி மறுபடி ஓடத் தொடங்கும்வரை அவர் அங்கேயே நின்றார்.